மழைக்காலத்துக்கு முன் மட்கார்டு: பர்மாவில் சைக்கிள் ஓட்டும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வைகாசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ஐப்பசி வரை விடாது. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோருக்கும் மட்கார்டு ஞாபகம் வரும். பெகு, தட்டோன், மோல்மீன், ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலா என்று பல ஊர்களிலிருந்து வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

வருஷத்தில் ஐந்து மாதம்தான் மழை. அதற்காக மட்கார்டு வேண்டுமா?

மாண்டலேயில் இருந்தால் யோசிக்கலாம். அங்கே ஆண்டுக்கு 800 மி.மீ. சொச்சம்தான் மழை. ரங்கூனில் சுமார் 2,700 மி.மீ., மோல்மீனில் 4,800 மி.மீ.யை ஒட்டிப் பெய்கிறது. இந்த இரண்டு ஊரிலும் மட்கார்டு இல்லாத சைக்கிளை மழைக்காலத்தில் ஓட்டுவது வீண் பிடிவாதம்.

மழை நின்ற பிறகும் ரோடு காயாது என்பதை மறந்துவிடுகிறோம். நம் நாட்டில் 1970இல் இருந்து வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. சைக்கிள்காரன் வலது ஓரத்தில் ஒதுங்கித்தான் போக வேண்டும். ரோடு ஓரத்தை நோக்கிச் சரிவாக இருப்பதால் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். மேலேயிருந்து விழுவது வெறும் மழைத்தண்ணீர். கீழேயிருந்து சக்கரம் வாரி அடிப்பதில் மண், சாணம், யாரோ துப்பிய கூன்யா (வெற்றிலை) எச்சில் என்று எல்லாம் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போடுகிறார்கள். அதன் முதுகில் நெட்டுக்குத்தலாக ஒரு பழுப்புக் கோடு ஏறினால் சோப்பு போட்டும் லேசில் போகாது.

பக்கத்தில் போகும் கார் அடிக்கும் தண்ணீருக்கு மட்கார்டில் மருந்தில்லை. அதற்கு மழைக்கோட்டுதான்.

ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது. முன்னால் போடவா, பின்னால் போடவா?

கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதில் பின்னாலதுதான் இருக்கும். முதுகுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டில் திட்டு விழுகிறது. என் பதில், முன்னால் போடுங்கள் என்பதே. அதிலும் கீழே இறங்கி வரும் நீளமான ஒன்றைப் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். சக்கரம் உருளும்போது டயரில் ஒட்டிய தண்ணீர், விடுபடும் இடத்தில் டயர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே பறக்கும். முன் சக்கரத்தின் பின்பாதி, அதாவது நம் காலைப் பார்த்த பக்கம், கீழிருந்து மேலே ஏறுகிறது. தரையை விட்டுக் கிளம்பிய உடனே தெறிக்கும் தண்ணீர் பின்னோக்கித் தாழ்வாகப் பாய்ந்து பாதத்திலும் பெடல் அச்சிலும் செயினிலும் விழும். கொஞ்சம் மேலே ஏறியபின் விடுபடுவது நேரே உயரும். உச்சியில் விடுபடுவது சைக்கிளை முந்திக்கொண்டு முன்னால் பறக்கும். எதிர்காற்று அடித்தால் அது திரும்பி வந்து முகத்தில் விழும்.

நாள் முழுக்க நம்மைப் படுத்துவது இந்த மூன்றில் முதலாவது. செருப்புக் காலோடு ஓட்டுகிறவருக்குப் பாதம் நனைவது பெரிய விஷயம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். செயின் என்ன ஆகும்? எண்ணெயும் மண்ணும் கலந்து செயினையும் அது ஓடும் பல்சக்கரத்தையும் அம்மி மாதிரி அரைக்கும். ஒரே மழைக்காலத்தில் செயின் நீண்டு, பல் கூர்மையாகிப் போன சைக்கிள்களைப் பாருங்கள். முன் மட்கார்டு இல்லாமலோ, பாதியில் நின்றதாகவோதான் இருக்கும்.

பின் மட்கார்டு சக்கரத்தின் உச்சியிலிருந்து பின்னால் ஆக்சில் உயரம் வரை வந்தாலே ஓட்டுகிறவர் முதுகு தப்பிவிடும். அதற்குக் கீழே வரும் நீளம் பின்னால் வருகிறவருக்கு நாம் செய்யும் உபகாரம். முன் மட்கார்டு அப்படியில்லை. அதன் கீழ்நுனி ஆக்சிலுக்கு நன்றாகக் கீழே இறங்கினால்தான் வேலை செய்யும். கடையில் தொங்கும் ஸ்போர்ட்ஸ் சைக்கிள் மட்கார்டுகளில் முன்னாலது ஒரு சாண் நீளம் இருக்கும். பார்க்க அழகு, அவ்வளவுதான்.

இருக்கிற முன் மட்கார்டு குட்டையாக இருக்கிறது. புதுசு வாங்க வேண்டுமா?

வேண்டாம். நுனியில் ஒரு மடல் தொங்கவிடுங்கள். பழைய மோட்டார் சைக்கிள் ட்யூப், லாரி மட்ப்ளாப்பின் வெட்டுத் துண்டு, ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் தட்டையான பக்கம், எது கிடைத்தாலும் சரி. மேலே மட்கார்டின் அகலத்துக்கும் கீழே அதைவிட இரண்டு விரல் அகலமாகவும் வெட்டுங்கள். நுனியில் இரண்டு ஓட்டை போட்டு, சின்ன போல்ட்டும் அகல வாஷரும் வைத்து முடுக்கிவிடுங்கள். போல்ட் தலை உள்பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் போல்ட்டின் முனை டயரைக் கீறும்.

தார் ரோட்டில் மட்டும் ஓடும் சைக்கிளுக்குத் தரையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் மடல் நிற்கலாம். குண்டும் குழியுமான பாதை என்றால் 12 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள். ட்யூப் ரப்பர் காற்றில் மடிந்து உள்ளே போகிறதென்றால் இரண்டு மடிப்பாக வையுங்கள். எண்ணெய் கேன் பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை, வெயிலில் கிடந்து வெளுத்ததும் ஒடியும். ஒடிந்தால் இன்னொரு கேன்.

என் சைக்கிள் 26. கடையில் "26 மட்கார்டு எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். சரியா?

பாதி சரி. டயருக்கும் ரிம்முக்கும் 26 எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களில் 26 × 1 3/8 என்று போட்டிருக்கும். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 37-590 என்றும் இருக்கும்; 37 டயரின் அகலம், 590 ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். மலை சைக்கிள் வகையில் 26 × 1.95 என்றிருக்கும், அதன் ரிம் எண் 559. ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் ஏறவே ஏறாது.

ஆனால் மட்கார்டுக்கு ரிம்மைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது டயரின் வெளிவட்டம், அதாவது வெளி விட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 590உடன் 37ஐ இருமுறை கூட்டினால் 664 மி.மீ. 559 ரிம்மில் 50 மி.மீ. டயர் போட்டால் 659. வெறும் 5 மி.மீ. வித்தியாசம். ஆக வளைவு இரண்டுக்கும் பொருந்தும், கடைக்காரர் சொல்வது அந்த மட்டில் உண்மை. அகலம்தான் இடிக்கும். 37 மி.மீ. டயருக்கு அளவாக இருக்கும் மட்கார்டு 50 மி.மீ. டயரின் தலையைக்கூட மூடாது.

அகலத்துக்கு ஒரு கணக்கு: டயரைவிட மொத்தத்தில் 8 முதல் 10 மி.மீ. அகலம் கூடுதலாக இருப்பது குறைந்தபட்சம். சேற்றுப் பாதைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 37 டயருக்கு 45 முதல் 50 வரை, 28 டயருக்கு 38 முதல் 40 வரை, 50 டயருக்கு 60.

பெரிய சக்கரங்களில் கவனம் வேண்டும். பழைய 28 × 1 1/2 சைக்கிளின் வெளிவட்டம் 715 மி.மீ. அளவில் வரும். ஜப்பான் 27க்குச் சுமார் 704. மெல்லிய டயர் போட்ட 700 × 28க்கு 678தான். 28க்கு உரிய மட்கார்டை 700 × 28 சக்கரத்தில் மாட்டினால் நடுவில் ஒட்டி உட்கார்ந்து இரண்டு நுனியும் வெளியே விரிந்து நிற்கும். பிளாஸ்டிக் என்றால் கம்பியை முடுக்கி உள்ளே இழுத்துவிடத் தோன்றும். அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்பதை விரிசல் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

எண்ணே அழிந்துபோன டயரா? சைக்கிளை நேராக நிறுத்தி, தரையிலிருந்து டயரின் உச்சி வரை டேப் வைத்து அளந்து, அந்த அளவோடு கடைக்குப் போங்கள்.

இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

இரும்பு கனம், துருப்பிடிக்கும், ஆனால் நசுங்கினால் கையாலோ சுத்தியலாலோ நிமிர்த்திவிடலாம். எந்த ஊர்ப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். ஜப்பான் பழைய சைக்கிள்களில் ஸ்டெயின்லெஸ் மட்கார்டு வருவதுண்டு. உடைசல் சைக்கிளிலிருந்து அது தனியாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அலுமினியம் லேசு, துருப்பிடிக்காது, ஆனால் ஆடி ஆடி விரிசல் விடும். அதை ஊரில் ஒட்டவைக்கிறவர் கிடைப்பது கஷ்டம். பிளாஸ்டிக் மலிவு, சத்தம் குறைவு, வெயில்தான் அதற்கு எமன்.

மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்கு இரும்பு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பிளாஸ்டிக் போதும்.

எதுவானாலும் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மடித்த உதடு இருந்தால் மட்கார்டுக்குள் விழும் தண்ணீர் அந்த உதட்டோரமாக ஓடிக் கீழ்நுனியில் வடியும். உதடு இல்லாத தட்டைத் தகடு என்றால் பக்கவாட்டில் சொட்டிக் காலில்தான் விழும்.

டயருக்கும் மட்கார்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

தார் ரோட்டுக்கு 10 மி.மீ. போதும். செம்மண், சரளைப் பாதைக்கு 15. சுண்டுவிரல் தடையில்லாமல் நுழைந்தால் அந்த அளவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பெகு, துவாண்டே பக்கம் வயல் வரப்பை ஒட்டிய களிமண் பாதை என்றால் 20, 25 கூட விடுங்கள். அந்த மண் டயரில் சுற்றிக்கொண்டே போய் மட்கார்டுக்குள் இறுகும், கடைசியில் சக்கரம் நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களை ஆடி மாதத்தில் பார்க்கலாம். பாதை முழுக்கக் களிமண்தான் என்பவருக்கு நான் முழு மட்கார்டைச் சொல்லவே மாட்டேன். சீட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும் குட்டை மட்கார்டு ஒன்று, கையில் மண்ணைச் சுரண்ட ஒரு மூங்கில் சிம்பு. அவருக்கு அது போதும்.

இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பது முக்கியம். கல்லும் சேறும் முன் மட்கார்டுக்குள் கீழ்நுனி வழியாகத்தான் நுழையும், மேலே ஏறி முன்னால் வெளியேறும். கீழே அகலமாகவும் போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை) தலைக்குக் கீழே குறுகலாகவும் இருந்தால் நுழைந்த கல் அங்கே சிக்கும். சீராக வைக்க முடியவில்லை என்றால் கீழ்நுனியைக் கொஞ்சம் நெருக்கமாக வைத்துவிடுங்கள். பெரிய கல் வாசலிலேயே நின்றுவிடும்.

நானே பொருத்தப் பார்க்கிறேன். எந்த வரிசையில் செய்வது?

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தாதீர்கள். நேராக நிற்கட்டும், அல்லது சீட்டில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். மட்கார்டு எப்படி உட்கார்கிறது என்பது நேராக இருந்தால்தான் தெரியும். ஸ்பேனர், குறடு, ஆக்சா பிளேடு, ஒரு அரம் போதும். டயரில் முழுக் காற்று இருக்க வேண்டும். காற்றில்லாத டயருக்கு அளவு வைத்துவிட்டு, காற்றடித்ததும் உரசுகிறது என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

முதலில் பின்னாலது. சக்கரத்தைக் கழற்றி மட்கார்டை உள்ளே நுழையுங்கள். பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாயையும் இணைக்கும் குறுக்குத் துண்டில் கீழ்நுனி, சீட்டுக்குக் கீழே பிரேக் இருக்கும் குறுக்குத் துண்டில் நடுப்பகுதி. இரண்டு இடத்திலும் போல்ட்டை விரலால் மட்டும் திருகி விடுங்கள். சக்கரத்தை மாட்டி ஆக்சிலை முடுக்குங்கள். அப்புறம்தான் ஸ்டே கம்பி, அதாவது மட்கார்டை ஆக்சில் பக்கத்தோடு பிடித்து நிறுத்தும் கம்பி.

கம்பியைப் பிரேமில் உள்ள காதில் (ஆக்சில் பக்கம் இருக்கும் ஓட்டையில்) போல்ட் போட்டுப் பிடிக்கும் வகை என்றால், செயின் பக்கத்துப் போல்ட்டை உற்றுப் பாருங்கள். நீளமான போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டு வந்து கடைசிப் பல்லையோ செயினையோ உரசும். கியர் சைக்கிளில் சின்னப் பல்லுக்கு மாற்றி, பெடலைச் சுற்றிப் பார்த்தால் டிக் டிக் என்று கேட்கும். போல்ட்டின் முனை உள்பக்கம் பிரேமோடு சமமாக நிற்க வேண்டும். கேரியரும் அதே காதில்தான் என்றால் கேரியர் கால் பிரேமை ஒட்டி, மட்கார்டுக் கம்பி அதற்கு வெளியே. பாரம் தாங்குவது எப்போதும் பிரேமுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய கறுப்புச் சைக்கிள்களில் கம்பி ஆக்சிலிலேயே மாட்டும். பிரேம், கேரியர் கால், மட்கார்டுக் கம்பி, வாஷர், நட்டு என்பது வரிசை. வாஷரை விட்டுவிட்டால் நட்டைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து திரும்பி மட்கார்டு ஒரு பக்கம் சாயும். இந்த வகையில் செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் மட்கார்டும் கூடவே இழுபடும். செயின் இறுக்கிய ஒவ்வொரு முறையும் இடைவெளியை மறுபடி பார்த்தாக வேண்டும்.

முன்னால் வேலை சுலபம், ஆபத்து அதிகம். மட்கார்டின் பட்டை போர்க் தலையின் நடு ஓட்டையில் மாட்டும். பல சைக்கிள்களில் முன் பிரேக்கும் அதே போல்ட்டில்தான் தொங்குகிறது. பட்டையின் கனம் உள்ளே புகுந்ததும் போல்ட் அந்த அளவு குட்டையாகிவிடும். நட்டின் புரி முழுவதும் போல்ட்டில் ஏறி, போல்ட்டின் முனை கொஞ்சமாவது வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லையா, நீளமான போல்ட் வாங்குங்கள். இங்கே சிக்கனம் பார்த்தால் பிரேக் பிடிக்கும்போது பிரேக்கே கழன்று வரும்.

எல்லாம் உட்கார்ந்தபின் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, டயருக்கு நடுவே வருமாறு கம்பியை நகர்த்தி, அப்போதுதான் முழுசாக முடுக்குங்கள். மீந்த கம்பியை ஆக்சா பிளேடால் வெட்டி, முனையை அரத்தால் மழுக்கி, ஒரு ரப்பர் மூடி போடுங்கள். கைலி கட்டிக்கொண்டு ஏறி இறங்கும் நமக்கு அந்த மூடி அலங்காரம் இல்லை. வெட்டிய கம்பி முனை ஒரே இழுப்பில் கைலியை முழம் நீளத்துக்குக் கிழிக்கும்.

மட்கார்டு போட்டபின் முன் சக்கரம் கால் பெருவிரலில் இடிக்கிறது. ஏன்?

சின்னப் பிரேமில் அது நடக்கும். மட்கார்டு சேர்ந்ததும் சக்கரத்தின் விட்டம் ஒரு அங்குலம் போல் பெருகிவிடுகிறது. மெதுவாகப் போய் ஹேண்டிலை நன்றாகத் திருப்பும்போது மட்டும்தான் இடிக்கும், வேகமாகப் போகும்போது அவ்வளவு திருப்ப மாட்டோம். பெரியவர்கள் பழகிக்கொள்ளலாம். குழந்தை ஓட்டும் சைக்கிளில் இப்படி இருந்தால் கீழ்ப்பாதி மடல் ரப்பராக இருக்கும்படி மாற்றுங்கள். இடித்தாலும் வளைந்துகொடுக்கும்.

கடகடவென்று சத்தம். முடுக்கினாலும் நிற்கவில்லை.

போல்ட்டை மேலும் மேலும் முடுக்குவதில் பயனில்லை. தகடும் தகடும் உரசும் இடத்தில் மெத்தென்று ஏதாவது வேண்டும். பழைய ட்யூபிலிருந்து வட்டமாக ரப்பர் வாஷர் வெட்டி, பட்டைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வையுங்கள். கம்பி மட்கார்டில் ரிவிட் அடித்திருக்கும் இடம் ஆடினால் ரிவிட்டை வெட்டி எடுத்துவிட்டு போல்ட் போடுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு கிடைத்தால் அதுவே நல்லது, ஆட்டத்தில் தளராது. சில நேரம் சத்தம் மட்கார்டிலிருந்தே வராது, கேரியரிலிருந்து வரும். மட்கார்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது. தகடு மட்டமா?

தகடு மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் பொருத்தியதில்தான் கோளாறு. மட்கார்டை இழுத்து முறுக்கி மாட்டியிருப்பார்கள். போல்ட் எல்லாவற்றையும் கழற்றினால் அது துள்ளிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறதா? அப்படியென்றால் அது எந்நேரமும் விறைப்பில் இருந்திருக்கிறது. குழியில் விழும்போதெல்லாம் அந்த விறைப்பு முழுவதும் பட்டை இருக்கும் இடத்தில் இறங்கும், அங்கேதான் விரியும்.

போல்ட் இல்லாமல் வெறுமனே வைத்தாலே மட்கார்டு தன் இடத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரேமுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாஷராலோ ரப்பர் துண்டாலோ மரக்கட்டையாலோ நிரப்புங்கள். போல்ட்டால் இழுத்து அந்த இடைவெளியை மூடாதீர்கள். வளைவு பொருந்தாத இரும்பு மட்கார்டைத் தரையில் வைத்து உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் விரியும், நுனிகளைப் பிடித்து நெருக்கினால் சுருங்கும். பிளாஸ்டிக்குக்கு இந்த வைத்தியம் கிடையாது.

வந்த விரிசல் பரவாமல் இருக்க, அதன் முனையில் சின்ன ஓட்டை போட்டு உள்பக்கம் தகட்டுத் துண்டு வைத்து ரிவிட் அடித்தால் அந்த மழைக்காலம் ஓடும்.

பிரேமில் போல்ட் போடக் காதே இல்லை.

ரப்பர் உறை போட்ட உலோகப் பிடி விற்கிறது. குழாயைச் சுற்றி வந்து ஒரே போல்ட்டில் முடியும், அதில் கம்பியை மாட்டலாம். அவசரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டு நாடா போதும், அடியில் ஒரு சுற்று ட்யூப் ரப்பர் சுற்றிக்கொள்ளுங்கள். பிரேமில் ட்ரில் வைக்க எவரையும் விடாதீர்கள்.

முன் போர்க்கில் ஷாக் இருக்கிறது. முழு மட்கார்டு போடலாமா?

போர்க்கின் கீழ்க்கால்கள் சக்கரத்தோடு மேலும் கீழும் போகின்றன, தலை அசையாது. ஒரு பிடியைத் தலையிலும் இன்னொன்றைக் கீழ்க்காலிலும் போட்டால் முதல் குழியிலேயே மட்கார்டு மடங்கும். எல்லாப் பிடிகளும் கீழ்க்காலிலேயே இருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத போர்க்கில் சாய்ந்த பிரேம் குழாயின் அடியில் கட்டும் அகலப் பிளாஸ்டிக் தகடுதான் வழி. பாதத்தை முழுசாகக் காக்காது. பெடல் அச்சுக்கு ஓரளவு ஆறுதல்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடுத்த வாடகை சைக்கிளில் எதையும் கழற்ற முடியவில்லை.

2019இல் லெஸ்வாக் என்ற திட்டத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கைவிடப்பட்ட வாடகை சைக்கிள்களை வாங்கிக் கொண்டுவந்து, வெகுதூரம் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். தெருவில் விட்டுப்போகும் சைக்கிள் என்பதால் திருட்டுக்குப் பயந்து, சாதாரண ஸ்பேனர் பிடிக்காத போல்ட்டுகளைப் பலவற்றில் போட்டிருப்பார்கள். போல்ட் தலையில் அரத்தால் எதிரெதிரே இரண்டு தட்டைப் பக்கம் ராவி, பூட்டுக் குறடால் இறுக்கிப் பிடித்துத் திருப்புங்கள். வந்ததும் அதே புரியுள்ள சாதாரண போல்ட்டை மாட்டிவிடுங்கள். காற்றடிக்காத கெட்டி டயர் இருந்தால் ஒரு லாபம் உண்டு. டயர் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், இடைவெளி மாறாது.

பின் சக்கரத்தில் கைலியும் சேலையும் சிக்குகிறதே, மட்கார்டு தடுக்காதா?

தடுக்காது. மட்கார்டு சக்கரத்தின் மேலே இருக்கிறது, துணி பக்கவாட்டில் போகிறது. அதற்கு மட்கார்டின் ஓரத்திலிருந்து ஆக்சில் வரை விசிறியாகப் பரவும் வலையோ தகடோ வேண்டும். ஜப்பான் பழைய சைக்கிள்களில் சிலவற்றில் அது கூடவே வரும், கழற்றி எறியாதீர்கள். இல்லாதவர்கள் மட்கார்டின் ஓரத்தில் சிறு ஓட்டைகள் போட்டு, நைலான் கயிற்றை ஆக்சில் பக்கம் வரை பின்னிவிடலாம். கயிறு தொய்யாமல் இருக்க வேண்டும், தொய்ந்தால் அதுவே சக்கரத்தில் சிக்கும். செயின் கவரும் முழுசாக இருக்கட்டும்.

ஓடும்போது குச்சி சிக்கினால் விழுந்துவிடுவோமா?

முன் சக்கரத்தில் சிக்கினால் விழலாம். டயர் இழுத்துக்கொண்டு போகும் குச்சி மட்கார்டுக்குள் இறுகி, மட்கார்டைச் சுருட்டி, சக்கரத்தை நிறுத்திவிடும். அதனால்தான் சில புது மட்கார்டுகளில் முன் கம்பி, ஒரு பிளாஸ்டிக் கவ்வியில் மாட்டியிருக்கும். பலமாக இழுத்தால் கவ்வி விடுபடும், மட்கார்டு விலகும், ஆள் தப்புவார். அந்தக் கவ்வி உடைந்தால் அதேபோல் இன்னொன்று போடுங்கள். கட்டுக்கம்பி சுற்றி இறுக்கிவிட்டால் அது விடுபடாது. காற்றடித்த மறுநாள் கிளைகள் விழுந்த பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு உதவுமா?

சித்திரையில் தெருவெல்லாம் குழாய் வைத்து அடிக்கும்போது மட்கார்டு என்ன செய்யும்? நனையுங்கள்.

துருவைத் தடுக்க வெளியே பெயிண்ட் அடித்தால் போதாதா?

வெளியே துருப்பிடிப்பது அபூர்வம். உள்பக்கம் கல் அடித்து அடித்துப் பெயிண்ட் போய்விடும், மடித்த உதட்டில் ஈரச் சேறு உட்கார்ந்திருக்கும். அங்கேதான் அரிக்கும். வாரம் ஒரு முறை உள்பக்கம் தண்ணீர் அடித்து, ஒரு குச்சியில் துணி சுற்றி உதட்டுக்குள் இழுங்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்து, மேலே கெட்டியாக ஒரு கோட்டு பெயிண்ட். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. அது ரிம்மில் சொட்டினால் பிரேக் பிடிக்காது.

பின் மட்கார்டின் கடைசி ஒரு சாண் நீளத்தை மட்டும் வெள்ளையடித்துவிடுங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றும் அதில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத ராத்திரியில் பின்னால் வரும் லாரிக்கு நம்மைக் காட்டுவது அவை இரண்டும்தான்.

மழை முடிந்ததும் கழற்றி வைக்கலாமா?

பிளாஸ்டிக் என்றால் கழற்றி நிழலில் வைப்பது நல்லது, ஆயுள் கூடும். இரும்பை விட்டுவிடுங்கள். கழற்றி மாட்டுவதில் புரி தேய்ந்து, வாஷர் தொலைந்து, அடுத்த வைகாசியில் ஒன்று குறையும். கோடையில் புழுதிக்கும் அது பயன்படும்.

சைக்காவுக்குத் தனி மட்கார்டு உண்டா?

சைக்காவில், அதாவது பக்கத்தில் ஒரு சக்கரமும் இருக்கைப் பெட்டியும் சேர்த்த சைக்கிள் ரிக்ஷாவில், சவாரிக்காரர்களில் ஒருவர் முன்னோக்கியும் ஒருவர் பின்னோக்கியும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வருவதால் ஓட்டுகிறவருக்கு வேண்டியது வேறு, சவாரிக்கு வேண்டியது வேறு. சவாரிக்காரர் மேல் தெறிப்பது பக்கச் சக்கரத்திலிருந்தும், சைக்கிளின் பின் சக்கரத்திலிருந்து பக்கவாட்டிலும். இருக்கைப் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் தகடு அடைத்திருந்தால் மழைநாளில் சேலை கட்டிய அம்மாக்கள் தயங்காமல் ஏறுவார்கள். தகட்டைப் பெட்டியின் கம்பியோடு வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் மாட்டுங்கள். பஞ்சர் ஆனால் கழற்ற வேண்டிவரும். மூன்று சக்கரத்துக்கும் ஒரே அகல மட்கார்டு போதும், ஆனால் பாரம் ஏறினால் இருக்கைப் பெட்டி கீழே இறங்கும். அதனால் இடைவெளியைக் காலி வண்டியில் பார்க்காதீர்கள், இரண்டு பேரை உட்காரவைத்துவிட்டுப் பாருங்கள்.